பதினாலாம் நம்பர் வாசல்

வாங்க சார், உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. வீட்ல வெளிய போயிருக்காங்க, அதனால காபி கிடையாது. தண்ணி தர்றேன். புரோக்கர் வரலியா? நல்லதாப் போச்சு. அவரு இருந்தா நம்மளப் பேசவே விடமாட்டாரு.

கீழ ரெண்டு ரூம், மேல ஒண்ணு. போர்ல கோடையிலயும் தண்ணி நின்னதில்ல. நிலை, கதவு எல்லாம் தேக்கு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி லீவு போட்டு, கூடவே நின்னு கட்டின வீடு. என் பேரு பரமகுரு. மேலூர்ப் பக்கம் ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனேன். மதுரைக்குள்ள இப்படி காத்து வர்ற மனை இப்ப எங்க...

என்ன சார், ஜன்னலையே பாக்குறீங்க?

ம். அதானே. வண்டிய நிறுத்தும்போதே பாத்திருப்பீங்க. வீடு பாக்க வந்ததுல நீங்க நாலாவது ஆளு. முந்தின மூணு பேரும் ரூம் எத்தனைன்னு கேக்கறதுக்கு முன்னாடி, "வாசல்ல ரோட்டுல ஒரு ஆளு படுத்திருக்க மாதிரி வரைஞ்சிருக்கே, அது என்ன?"ன்னுதான் கேட்டாங்க. ரெண்டு பேர்கிட்ட, காலேஜ் பிள்ளைங்க வரைஞ்சதுன்னு சொன்னேன். மூணாவது ஆளுகிட்ட, எனக்கே தெரியாதுன்னுட்டேன். உங்ககிட்டச் சொல்லிர்றேன். ஏன்னு கேக்காதீங்க. காலையில இருந்து உக்காந்தாலும் முடியல, நின்னாலும் முடியல. நீங்க உக்காருங்க. நான் நடந்துக்கிட்டே சொல்றேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆவணி மாசம். எனக்கு ஒரே பொண்ணு, வாணி. அவளுக்கு உறுதி பண்ண மாப்ள வீட்டுக்காரங்க கோயமுத்தூர்ல இருந்து வர்றாங்க. பன்னெண்டு பேரு. ஞாயித்துக்கிழம சாயங்காலம் நாலு மணி. வெள்ளிக்கிழம பாத்து தெருவுல பாதாளச் சாக்கடை அடைச்சிக்கிச்சு. மூடி நம்ம வாசலுக்கு நேரா இருக்கு பாருங்க, அதான். பாத்ரூம்ல ஊத்துற தண்ணி கீழ போகாம மேல வருது. நாத்தம்னா நாத்தம். வீட்ல ஊதுவத்திய பாக்கெட் பாக்கெட்டா கொளுத்தி வைக்கிறாங்க, ஒண்ணும் நிக்கல. சொல்ல வேண்டிய எடத்துல சொன்னேன். மிஷின் வண்டி திங்கக்கிழம வரும்னாங்க.

திங்கக்கிழம வந்து என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க. பொண்ணப் பெத்தவன் நெலமை அது.

தண்டபாணின்னு ஒருத்தர், இந்த வேலைக்கு ஆள் அனுப்புறவர். போன் பண்ணேன். ஞாயித்துக்கிழம காலையில ரெண்டு பேர அனுப்பினாரு. அதுல ஒருத்தன்தான் வீரணன். முப்பத்திரண்டு வயசு. மூங்கில் பத்தைய விட்டுக் குத்துறாய்ங்க, குத்துறாய்ங்க, மணி பன்னெண்டாச்சு, அசையல. வீரணன் கேட்டுப் பக்கம் வந்து நின்னு, "சார், நாளைக்கு மிஷின் வந்துரும்ல, விட்ருங்க சார், உள்ள கேஸ் இருக்கும்"னான். நான் என்ன சொன்னேன்? "நாலு மணிக்கு ஆளுக வர்றாங்கப்பா. எப்படியாச்சும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ"ன்னேன்.

அவ்வளவுதான் சார். இறங்குன்னு சொன்னேனா? அந்த வார்த்தையே என் வாயில வரல. தமிழ் வாத்தியாரா வேலைக்குச் சேந்தவன் நான். எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? "எப்படியாச்சும்"னா, எப்படியாச்சும். அதுக்குள்ள இறங்குறது எங்க இருக்கு?

சொல்லிட்டு உள்ள வந்து இந்த ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கிட்டிருந்தேன். ஸ்டூல் மேல நிக்கிறேன். வெளிய கூட வந்தவன் கத்துற சத்தம். எங்க வீட்ல இவங்க ஓடுறாங்க, நான் ஸ்டூல்ல இருந்து இறங்கி ஓடுறேன். மூடி திறந்து கெடக்கு. கயித்தப் பிடிச்சுக்கிட்டு அவன் மட்டும் நிக்கிறான். கயித்துல வெயிட்டே இல்ல. ஃபயர் சர்வீஸ் வந்துதான் எடுத்தாங்க, உயிர் இல்ல. மாப்ள வீட்டுக்காரங்க வேன் தெருமுனை வரைக்கும் வந்துச்சு. கூட்டத்தப் பாத்துட்டு அப்படியே திரும்பிருச்சு. ஆனா நல்ல மனுசங்க சார். ரெண்டு மாசம் கழிச்சு வந்து உறுதி பண்ணாங்க. தை மாசம் கல்யாணம். வாணி இப்ப புனேயில இருக்கா.

அப்புறம் போலீஸ். வரத்தான செய்வாங்க? யார் வரச் சொன்னதுன்னு எஸ்.ஐ. கேட்டாரு. அதுக்கு முன்னாடியே தண்டபாணி என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சார், ஆள இறக்குறது சட்டப்படி தப்பு. எம்பேரு வந்தா உங்க பேரும் வரும். பொண்ணு வேற வச்சிருக்கீங்க"ன்னுட்டாரு. அதனால, தெருவுல எல்லாருந்தான் புகார் குடுத்திருந்தோம், யார் அனுப்பி வந்தாங்கன்னு தெரியலன்னு சொன்னேன். கூட வந்தவன மறுநாள்ல இருந்தே காணோம். தண்டபாணி எந்த ஊருக்கு அனுப்புனாரோ. எஸ்.ஐ., "குடிச்சிருந்தானா?"ன்னாரு. "இருக்கலாம்"னேன். இருக்கலாம்னு சொல்றது பொய்யா சார்? உலகத்துல எது வேணா இருக்கலாம். அவங்க எழுதும்போது, "மது அருந்திய நிலையில் தானாகவே மூடியைத் திறந்து தவறி விழுந்தார்"னு எழுதிட்டாங்க. எழுதினது அவங்க. படிச்சுப் பாத்து கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

தண்ணி குடிங்க சார். மணி என்ன? பத்தரையா? சரி.

ஒன்றரை வருஷம் ஓடிப்போச்சு. எல்லாம் அடங்கிப் போச்சுன்னுதான் நெனச்சேன். இந்தப் பங்குனியில இன்பான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. கிராப்பு வெட்டின தலை, தோள்ல ஜோல்னாப் பை. ஓவியம் படிச்ச பிள்ளையாம். அதுகூட நாலஞ்சு பேரு. அவங்களோட வீரணன் சம்சாரம் பஞ்சவர்ணமும் வந்துச்சு. வீடு வீடா ஏறுறாங்க. என்ன விஷயம்னா, இந்த மாதிரி குழிக்குள்ள இறங்கிச் செத்தவங்க செத்த எடத்துலயே, ரோட்டுல, அவங்க உருவத்த வரையிறாங்களாம். வரையறது அவங்க, சுத்தி எழுதறது தெருக்காரங்க. "அன்னைக்கு நீங்க என்ன பாத்தீங்க? ஒரு வரி போதும், உங்க கையாலயே எழுதணும்"னு கேக்குது அந்தப் பொண்ணு.

எங்கிட்டயும் வந்துச்சு. நான் நல்லாத்தான் பேசினேன். உக்கார வச்சுப் பேசினேன். "ஏம்மா, ரோட்டுல எதுக்கு? வண்டி வாகனம் போற எடம். என் காம்பவுண்டுச் சுவர் இருபத்தெட்டு அடி இருக்கு. அதுல வரைங்க. மரம் வரைங்க, மயில் வரைங்க, 'சுத்தம் சோறு போடும்'னு எழுதுங்க. நானே பெயிண்ட் வாங்கித் தர்றேன்"னேன்.

பஞ்சவர்ணந்தான் எந்திரிச்சு நின்னு, "சார், அவரு செவுத்துல சாகல சார்"னுச்சு.

நீங்களா இருந்தா என்ன சொல்வீங்க? எங்க வீட்ல இருந்து யாரும் ஒரு வரியும் எழுத மாட்டோம்னு மட்டும் சொன்னேன். நாங்க எதையும் பாக்கலன்னு சொன்னேன். அடுப்படி வாசல்ல இவங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. அங்கயற்கண்ணின்னு பேரு. எட்டாவதோட நிறுத்தினவங்க. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல நான் பேசும்போது குறுக்க ஒரு வார்த்தை பேசினதில்ல. அன்னைக்கும் பேசல.

கவுன்சிலர்கிட்ட மனு குடுத்தேன். போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு எழுதினேன். ஆனா அவங்க முன்னாலயே முறையா அனுமதி வாங்கி வச்சிருந்தாங்க. ஒரு ஞாயித்துக்கிழம காலையில பாதித் தெருவ அடைச்சுக் கயிறு கட்டி ஆரம்பிச்சுட்டாங்க. நான் இதே ஜன்னல்ல நிக்கிறேன். மூடிய நெஞ்சுக்கு நேரா வச்சு, பன்னெண்டு அடிக்கு ஒரு ஆளு. ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கியிருக்கு. முகம் மேல பாக்குது. சட்டைக்கு மட்டும் பஞ்சவர்ணம் வேற யாரையும் பிரஷத் தொட விடல. "அவரு கட்டம் போட்ட சட்டைதான் போடுவாரு"ன்னுட்டு, பத்து மணிக்கு உக்காந்தது, ஒரு கட்டம் ஊதா, ஒரு கட்டம் வெள்ளை, ஒரு கட்டம் ஊதான்னு ஒரு மணி வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்துச்சு. வெயில்னா வெயில். எனக்கு இங்க உள்ள நின்னுக்கிட்டே கண்ணக் கட்டிருச்சு.

அப்புறம் தெருக்காரங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. இஸ்திரி போடுற முத்திருளு, "எங்கிட்ட நெருப்பு பெட்டி கேட்டார்"னு எழுதினான். நடுவுல 'ப்' போட வேண்டிய எடத்துல போடல, அது வேற விஷயம். எதுத்த வீட்டு டெய்லரம்மா, "கத்தும் சத்தம் கேட்டது, மிஷின் சத்தம் என்று இருந்துவிட்டேன்"னு எழுதிட்டு, அங்கயே குத்த வச்சு அழுதாங்க. இன்னும் நெறையப் பேரு. பதினேழு வரி சார். நான் எண்ணினேன். ஒருத்தரும் யாரையும் திட்டி எழுதல. தான் என்ன பாத்தோம், தான் என்ன செஞ்சோம், செய்யல. அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நாலு பேரக் கூட்டிட்டுப் போய் சண்டை போட்டிருப்பேன்.

ரெண்டு மணி இருக்கும். இவங்க ஒரு தட்டுல டம்ளர் அடுக்கிக்கிட்டு வெளிய போனாங்க. சரி, வெயில்ல கெடக்குதுக, மோர் குடுக்கப் போறாங்க, குடுக்கட்டும்னு இருந்தேன். குடுத்தாங்க. குடுத்துட்டு, அந்தப் பொண்ணுகிட்ட கைய நீட்டி பிரஷக் கேட்டாங்க. இவங்களுக்கு முட்டி வலி சார். கோயில்லகூடத் தரையில உக்கார மாட்டாங்க. ரோட்டுல உக்காந்துட்டாங்க. எழுதுறாங்க, எழுதுறாங்க, எழுதிக்கிட்டே இருக்காங்க. எனக்கு ஜன்னல்ல இருந்து எழுத்து தெரியல. முதுகுதான் தெரியுது.

எழுதி முடிச்சு உள்ள வந்து கையக் கழுவிட்டு, "சாப்பாடு எடுத்து வைக்கட்டா?"ன்னாங்க. நான் வெளிய போய்ப் பாத்தேன்.

"இவர் எங்கள் வீட்டு வேலைக்காகத்தான் உள்ளே இறங்கினார். அன்று இவர் குடித்தது நான் கொடுத்த மோர் மட்டும்தான். மேலே வந்ததும் கை கழுவ சோப்பு கேட்டார். எடுத்து வைத்திருந்தேன். அங்கயற்கண்ணி, கதவு எண் 14."

பிழையே இல்ல சார். எட்டாவது படிச்சவங்க. ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

உள்ள வந்து, "என்ன காரியம் பண்ணிட்ட?"ன்னேன். "ஒரு வரி கேட்டாங்க, எழுதினேன்"னாங்க. "நாலு வரி எழுதியிருக்க." "ஒரு வரியில அடங்கல." "என்னை ஜெயிலுக்கு அனுப்பணும்னு ஆசையா?" அதுக்கு என்னை நிமிந்து பாத்து, "உங்களப் பத்தி நான் எழுதலியே"ன்னாங்க. நெசந்தான். திரும்பப் போய்ப் படிச்சேன். என் பேரு எங்கயும் இல்ல. அதுக்கு எனக்கு சந்தோசமாத்தான இருக்கணும்? ஏன் இருக்கலன்னு தெரியல.

மறுநாள் விடிஞ்சதும் பெயிண்ட் கடை திறக்குறதுக்காக வாசல்ல நின்னு டர்பன்டைன் வாங்கிட்டு வந்தேன். தென்னங்குச்சி பிரஷ். அந்த நாலு வரிய மட்டும் தேச்சேன். மத்தத நான் தொடல சார், அது அவங்கவங்க சமாச்சாரம். முத்திருளு வண்டிய நிறுத்திட்டு பாத்துக்கிட்டே இருந்தான். ஒரு மணி நேரம் தேச்சதுல எழுத்து போச்சு, ஆனா வெள்ளையா ஒரு திட்டு நின்னுருச்சு. அன்னைக்கு சாயங்காலமே இவங்க அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போன டப்பாவ எடுத்துட்டுப் போய், அதே எடத்துல உக்காந்து, திரும்ப எழுதினாங்க. அதே நாலு வரி. நான் அழிச்சேன். எழுதினாங்க. மூணு தடவை. மூணாவது தடவ நான் தேய்க்கப் போகும்போது, இவங்க ஒரு பழைய தலகாணிய எடுத்துட்டு வந்து, "முட்டிக்கு வச்சுக்கிட்டுத் தேங்க. கல்லு குத்தும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

அதோட விட்டுட்டேன். டர்பன்டைன் மொட்டை மாடியிலதான் இருக்கு. வேணும்னா நீங்க வச்சுக்கங்க.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமா நடந்துபோச்சு. யாரோ போட்டோ எடுத்துப் போட்டு, ஒரு வக்கீலம்மா கண்ணுல பட்டு, பஞ்சவர்ணத்த வச்சு மனு போட்டுட்டாங்க. அந்தப் பொம்பள கேக்குறது வேற ஒண்ணுமில்ல. ஃபைல்ல இருந்து அந்த "மது அருந்திய நிலையில்"ங்கறத எடுக்கணும். புருசன் குடிக்கவே மாட்டானாம். அந்த வரிய எடுத்துட்டு, நடந்தத நடந்தபடி எழுதணும். அவ்வளவுதான் கேக்குது. புனேயில இருந்து வாணி போன் பண்ணினா. "அப்பா, அம்மா எழுதினது உண்மையா?" "லைன் சரியாக் கேக்கலம்மா"ன்னு வச்சுட்டேன். தீபாவளிக்கு அவ வரல. மாப்ளைக்கு லீவு இல்லியாம். இருக்கலாம்.

ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்காதீங்க. போன மாசம் காய்கறி வேன்காரன் ஒருத்தன், அந்தப் படத்து மேலயே டயர ஏத்தி நிறுத்திட்டான். நான் இங்க பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன். என்ன தோணுச்சோ, ஓடிப்போய் வேனத் தட்டி, "யோவ், வண்டிய எட்றா, ஆளு படுத்திருக்காரு தெரியல?"ன்னு கத்திட்டேன். தெருவே திரும்பிப் பாக்குது. அவன் மிரண்டு போய் கீழ குனிஞ்சு பாக்குறான். வாய் தவறி வந்துருச்சு சார். பெயிண்ட் வீணாப் போகுதேன்னு.

அன்னைக்கு ராத்திரிதான் முடிவு பண்ணேன், வீட்ட வித்துர்றதுன்னு. இவங்ககிட்ட சொன்னேன். "வித்துக்கங்க. ரோட்ட விக்க முடியாதுல்ல"ன்னாங்க.

இப்ப எங்க போயிருக்காங்கன்னு கேக்குறீங்களா? கோர்ட்டுக்கு. இன்னைக்குத்தான் அவங்கள விசாரிக்கிறாங்க. மாஜிஸ்திரேட் முன்னாடி நின்னு சொல்லணும். எனக்கும் சம்மன் வந்துச்சு. என் வக்கீல், "மொதல்ல சொன்னதையே சொல்லுங்க சார், மாத்தினா உங்களுக்குத்தான் சிக்கல். இன்னைக்கு வர வேண்டாம், பிரஷர்னு சர்ட்டிபிகேட் குடுத்து வாய்தா வாங்கிருவோம்"னாரு. சரின்னேன். புரோக்கருக்குப் போன் போட்டு, இன்னைக்குப் பத்து மணிக்கு யாராச்சும் வீடு பாக்க இருந்தா வரச் சொல்லுங்கன்னேன். நீங்க வந்தீங்க.

எட்டரைக்கு பஞ்சவர்ணம் வந்துச்சு இவங்களக் கூட்டிட்டுப் போக. நான் ரூம்ல இருந்தேன். "உள்ள வா, சாப்பிட்டியா?"ன்னு இவங்க கேக்குறாங்க. ரெண்டு பேரும் அடுப்படியில உக்காந்து இட்லி சாப்பிடுறாங்க. சத்தம் கேக்குது. கௌம்பும்போது ரூம் வாசல்ல வந்து நின்னு, "போயிட்டு வர்றேன்"னாங்க. நான் பேப்பர்ல இருந்து தலையத் தூக்கல. "ரசம் வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க.

முப்பத்தஞ்சு வருஷத்துல பேங்குக்குக்கூட தனியாப் போனதில்ல சார். அங்க கேள்வி கேப்பாங்க. குறுக்க குறுக்கக் கேப்பாங்க. "உங்க வீட்டுக்காரர் வேற மாதிரி சொல்லியிருக்காரே, நீங்க சொல்றது பொய்யா, அவர் சொல்றது பொய்யா?"ம்பான். நேரா முகத்தப் பாத்துக் கேப்பான். அப்ப என்ன சொல்வாங்க? என்னைக் காட்டிக் குடுக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். பேசாம நிப்பாங்க. பேசாம நின்னா இவங்க சொன்னதத்தான் பொய்னு எழுதிக்குவாங்க. நான் எஸ்.ஐ.கிட்ட போட்ட கையெழுத்து அங்க இருக்குல்ல.

மணி என்ன சார்? பத்தே முக்காலா? பதினோரு மணிக்கு மேலதான் கூப்பிடுவாங்கன்னு சொன்னாங்க.

நீங்க மேல் ரூமப் பாக்கலியே. இன்னொரு நாள் பாத்துக்கலாமா? வீடு எங்க போயிரப் போகுது. சாவி... இருங்க, சட்டைய மாத்திக்கிறேன். வேணாம், இதே போதும். நீங்க எந்தப் பக்கம் போகணும்? கே.கே. நகர்ப் பக்கமா? அப்ப ஜில்லா கோர்ட் வாசல்ல என்னை இறக்கி விட்ருங்க. படி நெறைய இருக்கும், இவங்களால ஏற முடியாது, அதுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல. வக்கீலுக்குப் போன் பண்ணணுமோ? பண்ணினா வேணாம்பாரு. பண்ணல.

உள்ள கூப்பிட்டுக் கேட்டா? கேட்டா... "எப்படியாச்சும் முடி"ன்னு சொன்னது நான்தான்னு சொல்லணும். ஆமா. அதுக்கு அர்த்தம் என்னன்னு கேப்பாங்க.

கேக்கட்டும். வண்டிய எடுங்க சார்.